மீட்டரை நம்பாதீங்க... நோட்டை நம்புங்க!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் மதுரைச் சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். 'சித்தப்பா வைத்திருந்த 1998-ம் வருட மாருதி 800 விலைக்கு வருகிறது. 28 ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். வாங்கலாமா? வீட்டில் எல்லோரும், "பழைய தகர டப்பாவை வாங்கி என்ன பண்ணப் போறே?" என்று கேலி செய்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும், நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று தோன்றியது. அப்படிப்பட்ட ஒரு தகர டப்பாதான் 2021-லிருந்து எங்கள் குடும்பத்தைச் சுமந்து கொண்டிருக்கிறது!

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். 2020-ம் வருடக் கடைசியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் தில்லைநகருக்குப் பிசியோதெரபிக்குப் போயாக வேண்டும். "ஆறு மாசம் விடாம செஞ்சாதான் கால் திரும்பும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவருக்கும் உயிர் போகும், எனக்கும் உயிர் போகும். போக வர ஆட்டோ வாடகையே மாதத்துக்கு ஐந்தாயிரத்தைத் தாண்டியது. மழை பெய்தால் வண்டியே வராது. புதுக் கார் வாங்க நாங்கள் எங்கே போக? என் கையில் இருந்தது இரண்டு சீட்டுப் பணம், ஒரு லட்சத்து பத்தாயிரம். அதற்குள் வண்டியும் வாங்கி, ரிப்பேரும் பார்த்து, நானும் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். இதுதான் அன்றைக்கு என் நிலைமை. அதனால் ஒரு வண்டியைப் பார்க்கப் போனால், கறிகாய் வாங்குவது போல் அழுத்திப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் பார்த்தேன்.

ஏன் மாருதி 800?

1983-ம் வருடம் டிசம்பர் 14-ம் தேதி முதல் மாருதி 800 காரின் சாவியை அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அப்போது விலை ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். 1986-ல் கொஞ்சம் நீளமாக, வேறு உருவத்தில் வந்தது. நம் தெருக்களில் நாம் பார்த்துப் பழகியது அந்த உருவத்தைத்தான். 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர், சின்ன இன்ஜின். இதே இன்ஜின்தான் 2019 வரை ஆம்னி வேனிலும் வந்தது. அதனால் இன்ஜின் சாமான்கள் இன்றும் கிடைக்கின்றன. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஸ்ரீரங்கம் மாதிரி குறுகலான வீதிகள் உள்ள ஊரில் இதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சுலபம்.

'கம்மியா ஓடின வண்டி'

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி விற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே மந்திரம்தான்... "கம்மியா ஓடின வண்டிம்மா!" கம்மியாக ஓடியது என்றால் தேயவில்லை, புதுசு மாதிரி இருக்கும் என்று நாம் நினைப்போம். பாதிதான் நிஜம். ஓடினால் தேயும், ஓடாமல் நின்றால் கெடும். புடவையைக் கட்டினால் நையும். பெட்டியிலேயே வைத்தால் மடிப்பிலேயே கிழியும் இல்லையா, அதே கதைதான்.

அந்த முதல் மாருதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹர்பால் சிங் 2010-ல் இறக்கும் வரை அதைத் தன்னிடமே வைத்திருந்தார். அதன் பிறகு கவனிக்க ஆளில்லாமல் வீட்டு வாசலிலேயே நின்று, வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துப் போனது. அந்தப் படங்கள் பத்திரிகைகளில் கூட வந்தன. பிறகு கம்பெனியே அதைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தது. இருபத்தாறு வருடம் தாங்கிய வண்டியைச் சும்மா நின்ற சில வருடங்கள் அப்படி ஆக்கிவிட்டன!

முதலில் ஒரு புரோக்கர் எனக்கு ஒரு சிவப்பு வண்டி காட்டினார். மீட்டரில் 22 ஆயிரம் கிலோ மீட்டர். பளபளவென்று பெயிண்ட். என் தம்பிக்குத் தெரிந்த மெக்கானிக் பையனைக் கூட அழைத்துப் போயிருந்தேன். அவன் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. குனிந்து பெடல்களைப் பார்த்தான். "அக்கா, இந்த கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்க. மொழுமொழுன்னு தேஞ்சு இரும்பே தெரியுது. 22 ஆயிரம் ஓடின வண்டியில இப்படி இருக்காது. ஒரு ரவுண்டு சுத்தி வந்த வண்டி!" என்றான். பழைய மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான் இருக்குமாம். ஒரு லட்சம் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அது போக, மீட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. எண்ணைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. புரோக்கரிடம், "சர்வீஸ் பில் இருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும்மா வச்சிருக்காங்க?" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நோட்டு பேசியது

அடுத்துப் பார்த்தது ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருடைய வண்டி. 1999 மாடல், வெள்ளை நிறம், 34 ஆயிரம் கிலோ மீட்டர். அவர் இறந்து பத்து மாதமாக ஷெட்டில் நின்றிருந்தது. நான் வழக்கம் போல், "பில் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன். அவருடைய மனைவி உள்ளே போய் ஒரு ஃபைலும், பழைய மளிகைக் கணக்கு நோட்டுகள் நாலைந்தும் எடுத்து வந்தார். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் தேதி, லிட்டர், ரூபாய், மீட்டர் எண் எல்லாம் அந்த அம்மாவின் கையெழுத்தில்! துவரம்பருப்புக்குக் கீழே 'வண்டி பெட்ரோல் 10 லிட்டர்' என்று எழுதியிருந்தது. பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் நோட்டில் உள்ள எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தி, வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோ மீட்டர் சுமாராக ஏறிக்கொண்டே வந்தது. மார்க்கெட், கோயில், வருடத்துக்கு ஒரு தடவை சொந்த ஊர்... அவ்வளவுதான் அந்த வண்டியின் வாழ்க்கை. மெக்கானிக் பையன் சிரித்துக்கொண்டே, "அக்கா, இதுக்கு மேல எனக்கு இங்க வேலையில்லை" என்றான்.

"அவர் போனப்புறம் யாரும் தொடலைம்மா. விக்கவும் மனசு வரலை, நின்னு வீணாப் போறதைப் பாக்கவும் முடியலை. எண்பதாயிரம் கேக்கச் சொல்றான் பையன். நீங்க அறுபத்திரண்டு குடுங்க, போதும். ஆனா ஒண்ணு, வாங்கி மறுபடியும் நிறுத்தி வச்சுடாதீங்க. ஓட்டுங்க" என்றார் அந்த அம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* துரு: இதுதான் முதல் எதிரி. மேல் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே மிதியடி விரிப்பைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அதன் கீழே பாருங்கள். கதவுகளின் அடிப்பக்கம், சக்கரத்தின் மேல் வளைவு, பேட்டரிக்கு அடியில் பாருங்கள். கடலோர ஊரில் இருந்த வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. இன்ஜினைச் சரி செய்துவிடலாம். அடித்தளம் அரித்துப்போன வண்டி வேண்டவே வேண்டாம்.

* பட்டி வேலை: ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி மேல் வைத்துப் பாருங்கள். தகரமாக இருந்தால் பிடிக்கும். அடிபட்ட இடத்தில் பட்டியைக் கனமாக அப்பிப் பெயிண்ட் அடித்திருந்தால் பிடிக்காது. ஐந்து பைசா செலவில்லை!

* டயர்: டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். '3612' என்றால் 2012-ம் வருடம் 36-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். நான் வாங்கிய வண்டியில் இந்த எண்தான் இருந்தது. பட்டன் தேயவே இல்லை, ஆனால் ஒன்பது வயது! பக்கவாட்டில் நூல் நூலாக வெடிப்பு. கம்மியாக ஓடிய வண்டிகளில் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான்.

* காலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்: "இப்பத்தான் ஓட்டிட்டு வந்தேன்" என்று சூடான இன்ஜினைக் காட்டினால், மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினை நம் எதிரிலேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீல நிறப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். அடுத்து நம் நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்து ஓட்டிப் பாருங்கள்.

* பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட்: மீட்டர் பொய் சொன்னாலும் இவை மூன்றும் பொய் சொல்லாது.

காகிதங்களில் கவனம்

வண்டிச் சொந்தக்காரர் இறந்துவிட்டால், முதலில் வாரிசு பெயருக்கு ஆர்.சி.யை மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. அதன் பிறகுதான் நம் பெயருக்கு விற்க முடியும். அதற்குப் படிவம் 29, 30. மதுரைச் சகோதரி, உங்கள் சித்தப்பா இப்போது இல்லை என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். உறவுதானே என்று பணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், நாளைக்கு வேறு ஒரு வாரிசு வந்து நிற்பார். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி.யில் பாங்க் கடன் குறிப்பு இருந்தால் அதை நீக்கிய பிறகே வாங்குங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

"15 வருஷம் ஆனா ஓட்டக் கூடாதாமே?" என்று பலரும் பயமுறுத்துவார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். ஆனால், செலவு கூடிவிட்டது. முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆனது. எங்கள் வண்டிக்கு 2024-ல் புதுப்பித்தபோது அதைத்தான் கட்டினேன். 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10 ஆயிரமாக உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி வேறு உண்டு. அதனால் ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்து, முடியப் போகிறது என்றால் அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இன்னொன்று. "கிளாசிக் வண்டிம்மா, நாளைக்கு லட்சக்கணக்கில் போகும்" என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். அரசாங்கம் 'விண்டேஜ்' என்று பதிவு செய்து கொடுப்பது 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்குத்தான். முதல் மாருதிக்கே 2033-ல்தான் 50 வயது. ஓட்டுவதற்காக வாங்குங்கள், லாபத்துக்காக வாங்காதீர்கள்.

ஆன செலவு

வண்டி 62 ஆயிரம். நான்கு டயர் 13 ஆயிரம். பேட்டரி 4 ஆயிரம். பத்து மாதம் நின்றதில் பின் சக்கர பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் கெட்டு வார்னிஷ் வாசனை அடித்தது. டேங்க்கைக் காலி செய்து, கார்பரேட்டரைச் சுத்தம் பண்ணி, பிரேக் வேலை பார்த்து, பெட்ரோல் ஹோஸ், டைமிங் பெல்ட், எல்லா ஆயிலும் மாற்றியதில் 11 ஆயிரம். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 6 ஆயிரம். நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தது 7 ஆயிரம். ஆக, ஒரு லட்சத்து மூவாயிரம். சீட்டுப் பணத்தில் ஏழாயிரம் மிச்சம்! டைமிங் பெல்ட்டை மாற்றச் சொன்னபோது, "34 ஆயிரம்தானே ஓடியிருக்கு?" என்று என் தம்பி கேட்டான். "ரப்பருக்குக் கிலோ மீட்டர் தெரியாதுண்ணே, வயசுதான் தெரியும்" என்றான் மெக்கானிக். இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு... நம் கையில்தான்!

* வாரத்துக்கு இரண்டு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடத்தில் அணைப்பதால் பிரயோஜனம் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும், பிரேக் வேலை செய்ய வேண்டும். ஏ.சி. இருந்தால் வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் போடுங்கள்.

* ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்ததும், பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பேன். கூலன்ட், பிரேக் ஆயில் அளவும் பார்ப்பேன். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. குக்கர் மாதிரிதான், கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

* இன்ஜின் ஆயிலை வருடத்துக்கு ஒரு தடவை, ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதையும் மாற்ற வேண்டும்.

* இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ், வாஷர்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பி வெடிக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை மெக்கானிக்கிடம் காட்டி, புது வகை ஹோஸாகப் போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

* வெளியூர் போகும்போது ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்தால் போதும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அதன் முனைகளில் வாசலின் தடவினால் பூஞ்சை மாதிரிப் பூக்காது.

* பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் வேர்த்துத் துருப்பிடிக்கும். துணி உறைதான் நல்லது. மழைக்கு முன் கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுங்கள். அங்கே தண்ணீர் நின்றுதான் கதவு அரிக்கும்.

* எலி! ஒயரைக் கடித்தால் ஆயிரக்கணக்கில் பழுத்துவிடும். புகையிலைத் துண்டுகளைத் துணியில் முடிந்து இன்ஜின் பக்கம் கட்டி வைப்பேன். வண்டிக்குள் உட்கார்ந்து முறுக்கு, கடலை சாப்பிட எங்கள் வீட்டில் தடை!

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. பெரிய லாரிகளுக்கு நடுவே பைபாஸில் பறப்பதற்கு இது லாயக்கில்லை. ஊருக்குள், பக்கத்து ஊருக்கு, பகல் நேரத்தில், அறுபதுக்குள், பெல்ட் போட்டுக்கொண்டு ஓட்டினால் நிம்மதி. சென்னைக்குப் போவதென்றால் நாங்கள் ரயிலில்தான் போகிறோம்.

அந்த ஆறு மாதப் பிசியோதெரபியில் ஒரு நாள் கூடத் தவறவில்லை. இன்று என் கணவர் கைத்தடி ஊன்றி, தெருமுனைக் கடை வரை தானே நடக்கிறார். நான் கியர் மாற்றுவது சரியில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார்! நான்கரை வருடத்தில் மீட்டர் 34 ஆயிரத்திலிருந்து 51 ஆயிரத்துக்கு வந்திருக்கிறது. ஓட ஓட வண்டி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே மதுரைச் சகோதரியே, 28 ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம், 1998 என்ற வருடத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். உங்கள் சித்தியிடம் போய், சித்தப்பா வண்டிக்குச் செலவு செய்த கணக்கு எங்கே என்று கேளுங்கள். கணக்கு இருந்து, தரையில் துரு இல்லாமல், கடைசியாக ஓடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகாமல் இருந்தால் தைரியமாக வாங்குங்கள். விலைக்கு மேல் நாற்பதாயிரம் தனியாக எடுத்து வையுங்கள். அன்றைக்கே ஒரு நோட்டும் வாங்கி, முதல் பக்கத்தில் தேதியும் மீட்டர் எண்ணும் எழுதுங்கள். வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் ஒரு பழைய காரைக் கட்டிக் காக்கத் தெரியும்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.